மூடி ஆகாத மில்

அந்த மாவு மில்லுக்குள் வாயைத் திறந்து பேசி எவரும் எதையும் சாதித்தது கிடையாது. பழைய மெஷின் போடும் சத்தம் அப்படி. மோட்டார் ஒரு பக்கம் உறுமும், பெல்ட் ஒரு பக்கம் சடசடக்கும், உள்ளே கல் ரெண்டும் மல்லுக்கட்டும். நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்கிறவருக்கு வாய் அசைவதுதான் தெரியும். அதனால் அங்கே கைதான் பேசும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினால் நைசாக அரைக்க வேண்டும். உள்ளங்கையைச் சொறிந்தால் கொரகொரப்பாக. முஷ்டி மேல் முஷ்டி வைத்தால் மெஷினை நிறுத்து. காதுக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றினால், வருகிறது பக்கத்துக் கடைத் தையல்காரர், பேசப் பிடித்தால் விடமாட்டார், மும்முரமாக வேலை இருக்கிற மாதிரி காட்டிக்கொள்.

ரெண்டு கையையும் முன்னால் நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டினால் அக்கா. சல்லடை பிடிக்கிறது அவள்தானே.

தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிடப் பத்து வயது மூத்த தையல்காரரும் அக்கா என்பார். நாற்பத்தாறு வயது, தனிக்கட்டை, கொஞ்சம் மூக்கு மேல் கோபம். அவளுக்கு நாலு வயது இளையவன் தம்பி. அவன் அரைப்பான், அவள் சலிப்பாள், தம்பி பொண்டாட்டி வாசலில் தராசோடு உட்கார்ந்து தெருவில் போகிற வருகிறவர்களின் சமாச்சாரங்களையும் சேர்த்து எடை போடுவாள். மூன்று பேரும் மத்தியானம் ஒரே தட்டைச் சுற்றி நின்று ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிடுவார்கள். நின்றுகொண்டு ஏன்? அக்கா மில்லுக்குள் உட்காரமாட்டாள். இருபத்து நாலு வருஷத்தில் அவள் அங்கே உட்கார்ந்து ஒருத்தரும் பார்த்ததில்லை. அவள் நிற்கும்போது தாங்கள் மட்டும் எப்படி உட்காருவது என்று மற்ற ரெண்டு பேரும் நிற்பார்கள்.

தம்பிக்கும் ஒரு வினோதம் உண்டு. அவனுக்கு மூடி ஆகாது. டின்னோ டப்பாவோ எதில் தானியம் கொண்டு வந்தாலும் மூடியைக் கழற்றி வாசல் சுவரில் இருக்கிற ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அந்த மில்லுக்காகவே தெருவில் இருக்கிற மூடிக்கெல்லாம் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஆனால் ஆணிக்கு ஆணி மூடி தொங்கும். இவர் மூடியை அவர் எடுத்துப் போய்விட்டார் என்று வாரம் ஒரு சண்டை.

"ஏம்பா, மூடி என்ன உன்னைக் கடிக்கவா செய்யும்?" என்பார் தையல்காரர்.

"சூடா இருக்கிற மாவை மூடினா வேர்க்கும்ணே. ஈரம் கட்டிரும்," என்பான் தம்பி. அதுவும் நிஜம்தான். அதனால் யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை. அவளுக்குக் கேட்கத் தேவையும் இல்லை.

வினை ஆரம்பித்தது பாசத்தில். தம்பி வீட்டில் டிவியை வைத்தால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். ரேடியோவும் அப்படித்தான். ஏதாவது ஒன்று அலறிக்கொண்டே இருக்க வேண்டும்.

"அண்ணி, உங்க தம்பிக்குக் காது போயிட்டே இருக்கு," என்றாள் தம்பி பொண்டாட்டி. "எல்லாம் இந்த மெஷினால வந்த வினை. இன்னும் நாலு வருஷம் இப்படியே ஓட்டினா நான் கட்டில்ல படுத்துக்கிட்டும் கை ஜாடைதான் காட்டணும்."

"போடி இவளே, பேச்சைப் பாரு," என்று சிரித்தாலும் அக்காவுக்கு மனசுக்குள் சுருக்கென்றது. தம்பிக்கு ஒன்றென்றால் அவளுக்குச் சோறு இறங்காது. ரெண்டு பேரும் கூடிப் பேசி, அவன் ஒருநாள் வெளியே போயிருந்த சமயம் பார்த்துப் பழசைக் கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, நாலு பக்கமும் மூடின புது மெஷினைக் கொண்டு வந்து இறக்கிவிட்டார்கள். சுவிட்சைத் தட்டினால் மடியில் படுத்திருக்கிற பூனை மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. தையல்காரருக்குத்தான் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்ல நினைத்ததையெல்லாம் அன்றைக்கே சொல்லித் தீர்த்தார்.

தம்பி வந்து பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா, பிடிக்கலையா?"

"நல்லா இருக்குக்கா," என்றான். "ரொம்ப அமைதியா இருக்கு."

அது மழைக்காலம். தானியம் ஈரம் பூத்து வரும், கல்லில் ஒட்டும், மாவு கட்டி கட்டியாக இறங்கும். கவனம் கொஞ்சம் பிசகினாலும் அரைத்தது வீண். தம்பிக்குக் கவனம் பிசக ஆரம்பித்தது. கோதுமை டின்னைத் தூக்கிக்கொண்டு மேல்தொட்டிப் பக்கம் போவான், கொட்டாமல் அப்படியே நிற்பான். கீழே கல் வெறுமனே ஓடிக் கருகல் வாடை வரும். அக்கா ஓடிப்போய் முஷ்டி மேல் முஷ்டி வைப்பாள். வாயால் சொன்னாலே கேட்கும் என்பது பழக்கதோஷத்தில் அவளுக்கு மறந்துவிடும். பிறகு வீட்டிலும் அப்படியே. வாசல்படியில் ஒரு கால் வைத்து நிற்பான். தட்டு முன்னால் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பான்.

"யாரோ 'வா'ன்னு சொன்னாத்தான் வருவேன்ங்கிற மாதிரி நிக்கிறாரு அண்ணி. நான் கூப்பிட்டா வரமாட்டேங்கிறாரு. நான் என்ன பாவம் செஞ்சேன்?" தம்பி பொண்டாட்டி அழுதேவிட்டாள். அவள் அழுது அக்கா அதுவரை பார்த்ததே இல்லை.

புது மெஷின் வந்த பன்னிரண்டாம் நாள் காலையில் அவன் மூட்டை அறைக்குள் போனவன் வெளியே வரவில்லை. கதவு தாழ்ப்பாள் எதுவும் போடவில்லை, ஆவென்று திறந்துதான் கிடந்தது. உள்ளே, மூட்டை அடுக்குகளுக்கு நடுவில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மழைக்குளிரிலும் அவன் சட்டை நனைந்து போயிருந்தது. அக்கா கூப்பிட்டாள், அதட்டினாள், கெஞ்சினாள். அவன் உதடு மட்டும் அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"இன்னும் இல்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தான். "இன்னும் இல்ல, இன்னும் இல்ல."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தேழு வருஷம் கழித்து அந்த ரெண்டு வார்த்தையைக் கேட்கிறாள்.

அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு ரெண்டு பிள்ளைகளையும் வளர்த்தது சித்தப்பா. வளர்த்தார் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. அவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு தகரப் பீப்பாய் இருந்தது. ஐந்து வயதுத் தம்பி படுக்கையை நனைத்தால், சோற்றைச் சிந்தினால், ராத்திரி அம்மா என்று முனகினால், அதற்குள் இறக்கி மூடியைப் போட்டுவிடுவார். மூடி எழும்பாமல் இருக்க அதன்மேல் ஒன்பது வயது அக்காவை உட்கார வைப்பார். உள்ளேயிருந்து தம்பி, "அக்கா, வரட்டா?" என்பான். "இன்னும் இல்ல" என்று அவள் சொல்ல வேண்டும், சித்தப்பா காதில் விழுகிற மாதிரி உரக்கச் சொல்ல வேண்டும். ஒருநாள் மனசு கேட்காமல் "வாடா" என்று சொல்லி மூடியைத் திறந்துவிட்டாள். சித்தப்பா பெல்ட்டைக் கழற்றினார். அந்தத் தழும்பு அவள் முதுகில் இன்றைக்கும் இருக்கிறது. தம்பி அதைப் பீப்பாய் விளிம்பைப் பிடித்தபடி நின்று பார்த்தான்.

பீப்பாயின் பக்கத்தில் துருப்பிடித்து அரித்த ஓட்டை ஒன்று இருந்தது. அவள் மூடிமேல் உட்கார்ந்தபடியே சாய்ந்து அதில் சுண்டுவிரலை நுழைப்பாள். தம்பி அதைப் பிடித்துக்கொள்வான். ஒரு அழுத்து அழுத்தினால் சித்தப்பா இருக்கிறார். ரெண்டு அழுத்து அழுத்தினால் போய்விட்டார். வாய் சித்தப்பாவுக்குச் சொன்னது. விரல் தம்பிக்குச் சொன்னது.

தம்பி மூட்டை அறைக்குள் போய் உட்கார்ந்த மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்த்தார்கள். அவனை அந்த அறையிலிருந்து கிளப்பி வண்டியில் ஏற்ற மூன்று மணி நேரம் ஆனது. தையல்காரர் ஒரு கையும் பொண்டாட்டி ஒரு கையுமாகப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டரம்மா அவசரப்படாத பிறவி. ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் இருந்தார்.

"காதுல யாராவது பேசறாங்களா?"

தம்பி தலையாட்டினான்.

"எவ்வளவு நாளா?"

"எப்பவுமே உண்டு. மெஷின் ஓடினா கேக்காது. வீட்டுல டிவி வெச்சா கேக்காது."

தம்பி பொண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். காது போய்விட்டது என்று அவளும் அக்காவுமாகச் சேர்ந்து அவனுக்கு இருந்த ஒரே மறைப்பைப் பிடுங்கிக் காயலான் கடையில் போட்டிருக்கிறார்கள்.

"ஆண் குரலா, பொண்ணு குரலா?"

தம்பி அக்காவை ஒரு பார்வை பார்த்தான். "தெரியல," என்றான்.

அவனுக்குப் பொய் சொல்ல வராது. சின்னதிலிருந்தே வராது, காது மடல் சிவந்துவிடும். அப்போதும் சிவந்தது. சித்தப்பா பேரைச் சொல்லக்கூடப் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு, அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு அக்கா பீப்பாய் விஷயத்தை டாக்டரிடம் சொன்னாள். பாதிதான் சொன்னாள். மூடிமேல் உட்கார்ந்தது யார் என்று சொல்லவில்லை.

"இப்படி நடந்த எல்லாருக்கும் வியாதி வர்றதில்லம்மா," என்றார் டாக்டர். "ஆனா இந்த மாதிரி குரல் கேக்கிறவங்கள்ல நிறைய பேருக்குப் பின்னாடி சின்ன வயசுல இப்படி ஏதாவது இருக்கு. பேய் பிசாசு ஒண்ணுமில்ல. யார் குரல், என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சா அவரோட பேச எனக்கு வழி கிடைக்கும். மாத்திரை தர்றேன். அஞ்சு நாள் பாப்போம். சாப்பிடாம, மாத்திரை போடாம இப்படியே இருந்தா உள்ள வெச்சுத்தான் பாக்கணும். அந்த வார்டுல கதவு பூட்டியிருக்கும், இப்பவே சொல்லிடறேன்."

கதவு பூட்டியிருக்கும் என்றதும் அக்கா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மூடியே ஆகாதவனைப் பூட்டின கதவுக்குள் எப்படி விடுவது?

நாலு நாள் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவன் நேரே மூட்டை அறைக்குள் போய் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டான். வாசலில் மூடிகளெல்லாம் எடுப்பாரில்லாமல் மழையில் நனைந்தன. மாத்திரையை நீட்டினால் கையில் வாங்கிக்கொள்வான், வாய்க்குக் கொண்டுபோகமாட்டான். ஊட்டினால் ரெண்டு வாய் தண்ணீர். அவ்வளவுதான்.

தம்பி பொண்டாட்டி பழைய மெஷினைத் தேடிக் காயலான் கடைக்கு ஓடினாள். அதை எப்போதோ உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டிருந்தார்கள். அவள் விடுகிற ஆளா? மத்தியானம் ஒரு காலி டின்னையும் தோசைக்கரண்டி மாதிரி எதையோ ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்து அறை வாசலில் நின்று தடதடவென்று தட்ட ஆரம்பித்தாள். தையல்காரர் தன் பழைய தையல் மெஷினைத் தூக்கி வந்து துணியே இல்லாமல் மிதித்தார். தெருநாய் குரைத்தது. அந்தக் களேபரத்தில் தம்பி நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான்.

"பாருங்க அண்ணி, சிரிச்சிட்டாரு!" அவள் இன்னும் ஓங்கித் தட்டினாள்.

அரைமணி நேரம் தட்டினாள். அவன் அரை ரொட்டி சாப்பிட்டான். அதற்குமேல் அவளுக்குத் தோள் இறங்கிவிட்டது, தையல்காரருக்குக் கால் மரத்துவிட்டது. சத்தம் நின்றதும் தம்பியின் கண் பழையபடி எங்கோ போய்விட்டது. தம்பி பொண்டாட்டி டின்னைக் கீழே போட்டுவிட்டு, "வாழ்நாள் பூரா தட்டணும்னாலும் தட்டுவேன் அண்ணி, ஆனா கை ரெண்டுதானே இருக்கு," என்று சொல்லித் தேம்பினாள். தையல்காரர் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

அக்கா அறைக்குள் போனாள். மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும். நிலைமை இதுவேயானால் வார்டு நிச்சயம். மூட்டை அடுக்குக்கு இந்தப் பக்கம் முட்டி போட்டாள்.

"டேய். யாருடா பேசறது? சித்தப்பாவா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"பின்ன யாரு? எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு ரெண்டு கையையும் முன்னால் நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"சல்லடையா? சல்லடை எதுக்குடா இப்போ?"

அவன் மறுபடியும் ஆட்டினான். மெதுவாக ஆட்டினான். அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியே முட்டி போட்டபடி மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா?"

"இப்ப இருக்கிற நீ இல்லக்கா," என்றான் அவசரமாக. "நீ ஒண்ணும் செய்யல. சின்ன நீ. பாவாடை கட்டிக்கிட்டு இருப்பியே, அது. அழுதுக்கிட்டேதான் சொல்லும்."

"இன்னும் இல்லன்னா?"

"ஆமா. நான் எந்திரிச்சா அதுக்கு அடி விழும்கா. பெல்ட்டால. அதான் நான் பேசாம இருக்கேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. அது பாவம்."

அக்கா அழுதாள். அப்போது அழவேண்டிய அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷமும் இவனை மூடிமேல் உட்கார்ந்து அடைத்து வைத்த பாவி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு திரிந்தாள். இவனோ அவளுக்கு அடி விழக்கூடாதென்று இன்னமும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். அவள் மனசு நோகுமே என்று டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

"சித்தப்பா செத்து இருபது வருஷமாச்சுடா. நாமதானே போய் எல்லாம் செஞ்சோம். நீதானே தோள் குடுத்தே."

"எனக்குத் தெரியும்," என்றான் தம்பி. "அதுக்குத் தெரியாதுல்ல."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இனி வாயால் என்ன சொன்னாலும் அவனுக்கு அந்தச் சின்னது சொல்வதுதான் முதலில் கேட்கும், ரெண்டும் ஒரே குரல்தானே என்று அவளுக்குப் பட்டது. மூட்டை ரெண்டுக்கு நடுவில் இருந்த சந்தில் சுண்டுவிரலை நுழைத்தாள். தவிடு படிந்து தடித்துப்போன விரல். அந்தப் பக்கம் அவன் அதைப் பார்த்தான். பிடித்துக்கொண்டான். கை ஜில்லென்றிருந்தது.

ரெண்டு அழுத்து அழுத்தினாள்.

அவன் மூச்சு விடுவது கேட்டது. "அதுக்கும் சொல்லுக்கா," என்றான்.

அக்காவுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. காலி அறையில் யாரைப் பார்த்துப் பேசுவது? மேலே மூட்டை அடுக்கின் உச்சியைப் பார்த்துச் சொன்னாள். "பாப்பா, அவர் போயிட்டாரு. இனி உன்னை அடிக்க ஆளில்ல. தம்பியை விட்டுரு." மறு கையை மேலே நீட்டினாள். "நீயும் இறங்கிக்கோடி. இறங்கிக்கோ, போதும்."

பிறகு தம்பி அவள் விரலை விடாமலே எழுந்து, மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். கால் மரத்து நொண்டி நொண்டி வந்தான். வாசலில் நின்ற பொண்டாட்டியிடம் கையை நீட்டி மாத்திரை கேட்டான். அவள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் தண்ணீரென்று நினைத்து எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தாள்.

மறுநாள் டாக்டரிடம் அக்கா மீதிப் பாதியையும் சொன்னாள். "மூடிமேல உட்காந்தது நான்தான் டாக்டர்." டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு அப்ப என்ன வயசு?" என்று மட்டும் கேட்டார். ஒன்பது என்றாள். டாக்டர் ஒன்பது என்று திருப்பிச் சொல்லிவிட்டு, அடுத்த தடவை அவளையும் தனியாக வந்து பேசச் சொன்னார். வார்டு வேண்டாம் என்றார்.

குரல் ஒரேயடியாகப் போய்விடவில்லை. மாத்திரையில் தம்பிக்கு உடம்பு கொஞ்சம் ஊதியது, மத்தியானத்தில் தூங்கி வழிந்தான். சில நாள் டின்னைத் தூக்கிக்கொண்டு பாதியில் நிற்பான். சல்லடைக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா சுண்டுவிரலை ரெண்டு தடவை மடக்கிக் காட்டுவாள். அவன் தலையாட்டிவிட்டுக் கோதுமையைக் கொட்டுவான். புதிதாக என்ன ஜாடை அது என்று தையல்காரர் கேட்டதற்குத் தம்பி பொண்டாட்டி, "அது குடும்ப ரகசியம், உங்களுக்குச் சொன்னா ஊருக்கே தைச்சுக் குடுத்துருவீங்க," என்று வாயை அடைத்துவிட்டாள்.

மழை விட்டு வெயில் வந்த ஒரு வாரத்தில் தம்பி ஒரு முக்காலியைக் கொண்டு வந்து சல்லடைக்குப் பக்கத்தில் வைத்தான். அவனே செய்தது. மேலே பலகை இல்லாமல் கயிறு பின்னியிருந்தான்.

"யாருக்குடா இது?"

"உனக்குத்தான். பலகை போட்டா மூடி மாதிரி இருக்கும்னுதான் கயிறு பின்னினேன்."

"எனக்கெதுக்கு? நின்னே பழகிட்டேன். போடா, போய் வேலையைப் பாரு."

அவன் போகவில்லை. மெஷினை நிறுத்தினான். வாசலில் தராசைப் பிடித்தபடி தம்பி பொண்டாட்டி திரும்பிப் பார்த்தாள். தம்பி அக்காவுக்கு முன்னால் வந்து நின்று, மாவு அப்பிய சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினான். ஒரு தடவை மடக்கினான். இன்னொரு தடவை மடக்கினான்.

அக்கா முக்காலியைப் பார்த்தாள். கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தாள். பிறகு உட்கார்ந்தாள்.